சாயந்திரம் ஆனா தண்ணி குடிக்காத பொம்பளைங்க: இத குழு கூட்டத்துல எப்படி சொல்றது?

பாலாத்தங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் காட்பாடி. வேலூர் டவுன்ல பெரிய ஆஸ்பத்திரி பக்கத்து சந்துல நானும் எங்க நாத்தனாரும் ஒரு சின்ன மெஸ் நடத்துறோம். சாப்ட வர்றவங்கள்ல பாதி பேரு பெங்காலி பேசறவங்க, வேலூர்க்காரங்களுக்கு இது புதுசு இல்ல, அந்த ஏரியாவுல லாட்ஜ் போர்டுல இருந்து மருந்துக்கடை போர்டு வரைக்கும் பெங்காலில எழுதியிருக்கும். பத்து வருஷமா இதே பொழப்புன்றதால எனக்கும் கொஞ்சம் வரும். கல்கத்தா பக்கம் இருந்து வர்றவங்க தண்ணிய பெரும்பாலும் ஜோல்னு கேப்பாங்க, பங்களாதேஷ்காரங்க பானின்னு கேப்பாங்க, அத வெச்சே ஊர கண்டுபுடிச்சிடுவேன்.

போன மாசம் ஒரு அக்கா அவங்க அம்மாவ வைத்தியத்துக்கு கூட்டிகினு வந்து மூணு வாரம் தங்கியிருந்தாங்க. விசா கெடைக்கறதே கஷ்டமா இருந்து, ரொம்ப நாள் காத்திருந்து வந்தாங்களாம். ஊரு பங்களாதேஷ்ல காக்ஸ் பஜார். அங்க, பர்மால இருந்து ஓடி வந்த ரோஹிங்கியா அகதிங்க முகாம்ல பெண்களுக்குன்னு இருக்கற ஒரு சென்டர்ல ஏழு வருஷமா வேலை பாக்கறாங்க. இவங்க வீட்டுப் பேச்சு சிட்டகாங் பக்கத்து பேச்சு, ரோஹிங்கியா பேசறதும் கிட்டத்தட்ட அதே மாதிரின்றதால அந்த பொம்பளைங்க இவங்ககிட்ட மனசு விட்டு பேசுவாங்களாம். நைட்டு கடை மூடினப்புறம் நான் பாத்திரம் தேய்க்கற எடத்துல வந்து ஸ்டூல் போட்டு உக்காந்துகினு ஹிந்தியும் பெங்காலியும் கலந்து சொல்லிகினு இருப்பாங்க.

ஒரு நாள் நான் சொம்புல தண்ணி குடுத்தேன். குடிச்சிட்டு சொன்னாங்க, எங்க முகாம்ல சாயந்திரம் ஆச்சுன்னா பொம்பளைங்க தண்ணி குடிக்க மாட்டாங்கன்னு. ஏன்னு கேட்டேன். மூங்கிலும் தார்ப்பாயும் வெச்சு கட்டின குடிசைங்க, மேடும் பள்ளமுமா மலைச்சரிவு, கக்கூஸ் பொதுவானது, எறங்கி போவணும், பல எடத்துல வெளக்கு இல்ல, கதவுக்கு தாழ்ப்பா சரியா இல்ல, ராத்திரியில ஆயுதம் வெச்சிகினு சுத்துற கும்பல் வேற. என்ஜிஓ ஆளுங்க எல்லாம் சாயந்திரத்துக்குள்ள முகாம விட்டு வெளிய வந்துடணும், அதனால ராத்திரி என்ன நடந்தாலும் காலைல தான் சொல்ல முடியும். அதுக்கு பயந்துகினு தண்ணியும் குடிக்காம ராத்திரி சாப்பாட்டையும் கொறைச்சிக்கறாங்க.

எனக்கு பேச்சே வரல. ஏன்னா ஒடுகத்தூர் பக்கம் எங்க ஊர்ல கல்யாணத்துக்கு முன்னாடி நானும் எங்க அக்காவும் இதையே தான் பண்ணோம். விடியகாலைல நாலு மணிக்கு ஏரிக்கரைக்கு போவணும், இல்லன்னா இருட்டினப்புறம் நாலு பேரா சேந்து போவணும், நடுவுல வந்தா அடக்கிக்கணும், அதுக்குன்னே மத்தியானத்துக்கு மேல தண்ணி பக்கமே போவ மாட்டோம். அக்காவுக்கு அதுலயே நீர்க்கடுப்பு வந்து வந்து கடைசியில கிட்னி வரைக்கும் போயிடுச்சு. இத நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, அந்த அக்காகிட்ட தான் முதல்ல சொன்னேன்.

ரேஷன பத்தியும் சொன்னாங்க. 2023ல ஒரு ஆளுக்கு மாசம் 12 டாலர்னு இருந்தத மார்ச்ல 10 ஆக்கி ஜூன்ல 8 ஆக்கிட்டாங்க, உதவிப் பணம் வர்றது கொறைஞ்சு போச்சுன்னு. 8 டாலர்னா அப்போ கணக்குக்கு நம்ம பணம் 650 ரூபா. எங்க மெஸ்ல ஒரு சாப்பாடு 70, அப்ப ஒரு மாசத்துக்கு ஒம்போது சாப்பாடு. அதுல வீட்டுல யாரு கடைசியா சாப்புடுவாங்கன்னு நான் கேக்கவே இல்ல, அவங்களும் சொல்லல, ரெண்டு பேருக்கும் தெரியும். 2024ல மறுபடி 12 டாலருக்கு மேல ஏத்துனாங்களாம், ஆனா எப்ப வேணா கொறையும்ன்ற பயம் போவலையாம். ரேஷன் கொறைஞ்சா பொண்ணுங்களுக்கு சீக்கிரம் கல்யாணம் பண்ணிடறாங்களாம், வீட்டுல ஒரு வாய் கொறையும்னு.

கடைசியா அவங்க சொன்னது தான் எனக்கு இன்னும் மனசுல நிக்குது. வெளியில இருந்து வர்றவங்க எல்லாரும் 2017ல பர்மா மிலிட்டரி என்ன பண்ணுச்சுன்னு தான் கேக்கறாங்க, நேத்து ராத்திரி குடிசைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு யாரும் கேக்கறதில்லன்னாங்க. அவங்க சென்டருக்கு வர்றவங்கள்ல ரொம்ப பேரு புருஷன் அடிச்சு தான் வர்றாங்களாம். முகாம விட்டு வெளிய போயி வேலை செய்ய சட்டத்துல எடம் இல்ல, ஆம்பளைங்க நாள் முழுக்க குடிசைலயே இருக்காங்க, அந்த கோவம் எல்லாம் பொண்டாட்டி மேல. அதுக்குன்னு அடிக்கறது ஞாயம் ஆயிடாது. புகார் சொல்லணும்னா மாஜின்னு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைவர் இருப்பாரு, பெரும்பாலும் ஆம்பளை தான், குடும்பம்னா முன்ன பின்ன இருக்கும்மா அனுசரிச்சு போன்னு அனுப்பிடுவாராம். நம்ம ஊரு பஞ்சாயத்த நேர்ல பாத்த மாதிரி இருந்துச்சு.

இப்ப என் கேள்வி. நவம்பர் 25 பெண்களுக்கு எதிரான வன்முறைய ஒழிக்கற நாள். எங்க மகளிர் குழுவுல அத ஒட்டி கூட்டம் வெக்கறோம், இந்த வருஷம் நான் இத பத்தி பேசறேன்னு சொன்னேன். ரெண்டு மூணு பேரு மூஞ்சிய சுளிச்சிட்டாங்க. லோன் தவணை கட்டவே வழியில்ல, எங்கயோ இருக்கறவங்க கதை நமக்கு எதுக்குன்னு ஒருத்தவங்க. அவங்க வேற ஆளுங்க தானேன்னு இன்னொருத்தவங்க. எனக்கு பட்டுன்னு பதில் சொல்ல வரல. இவங்களுக்கு சொந்த நாடே இல்லன்றாங்களே அது எப்படி, அத எங்க குழுவுக்கு புரியற மாதிரி சொல்லணும்னா எங்க இருந்து ஆரம்பிக்கறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

குடியாத்தம்_தறி எழுதியது:

அம்மா, உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன். எனக்கு 61 வயசு. நான் பொறந்த வருஷம் தான் எங்க குடும்பம் ரங்கூன்ல இருந்து கப்பல்ல மெட்ராஸ் வந்துச்சு, 1964. நான் அப்ப கைக்கொழந்த. 1962ல நெ வின் ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணி எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, 64ல பெரிய நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. எங்க அம்மா கழுத்துல காதுல இருந்தத எல்லாம் துறைமுகத்துல கழட்டி வாங்கிட்டு தான் கப்பல் ஏத்துனாங்கன்னு சாவற வரைக்கும் சொல்லிகினே இருப்பாங்க. நம்ம தமிழாளுங்க உட்பட லட்சக்கணக்குல இந்தியாக்காரங்க அப்படி வந்தவங்க தான். ஆனா எங்களுக்கு வந்து எறங்க ஒரு மண்ணு இருந்துச்சு. வந்தோம், லோன் குடுத்தாங்க, எங்க அப்பா குடியாத்தம் வந்து லுங்கி தறியில ஒக்காந்தாரு, ஏதோ பொழைச்சோம்.

ரோஹிங்கியாவுக்கு அது இல்ல. அவங்க பர்மால ரக்கைன்ற மேற்கு ஓரத்து மாநிலத்து ஆளுங்க. நீங்க வங்காளத்துல இருந்து வந்தவங்கன்னு பர்மா சொல்லுது, நீங்க பர்மாக்காரங்கன்னு பங்களாதேஷ் சொல்லுது. 1982ல பர்மால ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டாங்க, அங்க அரசாங்கம் ஏத்துக்கற 135 இனங்க பட்டியல்ல ரோஹிங்கியா பேரு கெடையாது, அதோட நாடில்லாதவங்க ஆயிட்டாங்க. 2017 தான் முதல் தடவன்னு நெனைக்காதீங்க. 1978ல 2 லட்சம் பேரு ஓடி வந்தாங்க, 1991-92ல 2.5 லட்சம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பி அனுப்புனாங்க. 2017 ஆகஸ்ட் 25க்கு அப்புறம் சில மாசத்துலயே 7 லட்சத்துக்கு மேல. இப்ப காக்ஸ் பஜார்ல மட்டும் 10 லட்சத்துக்கு மேல இருக்காங்க, குட்டுப்பாலோங் தான் உலகத்துலயே பெரிய அகதி முகாம். 2024ல இருந்து ரக்கைன்ல சண்டை முத்தி இன்னும் ஒன்னரை லட்சம் பேரு வந்து சேந்துட்டாங்க.

பொம்பளைங்க விஷயமா நீங்க சொல்லணும்னா ஒன்னு சொல்லுங்க. ஊர விட்டு ஓடறதுக்கு முன்னாடியே ரக்கைன்ல மவுங்டா, புத்திடவுங் பக்கத்துல ரோஹிங்கியா கல்யாணம் பண்ணிக்கணும்னா அதிகாரிங்க கிட்ட அனுமதி வாங்கணும், அதுக்கு காசு, மாசக்கணக்குல அலைச்சல். ரெண்டு கொழந்தைக்கு மேல பெத்துக்கக்கூடாதுன்னு உத்தரவு. மீறி உண்டானா பொண்ணுங்க திருட்டுத்தனமா கலைக்கப்போயி செத்தவங்க உண்டு. அந்த பொண்ணு வயித்துக்குள்ள வரைக்கும் அரசாங்கம் வந்து உக்காந்திருக்குது, அப்புறம் தான் ராணுவம் வந்துச்சு. குழுவுல இருக்கற அம்மாங்களுக்கு இது சொன்னா புரியும்னு நெனைக்கறேன்.

---

ஆம்பூர்_ரோடு எழுதியது:

தப்பா எடுத்துக்காதீங்க, உங்க குழுவுல மூஞ்ச சுளிச்சவங்க கேக்கறதுலயும் ஞாயம் இருக்குன்னு எனக்கு தோணுது. எங்க வீட்டம்மா ஷூ கம்பெனிக்கு போறாங்க, வேன் காலைல ஆறே முக்காலுக்கு வரும், லைன்ல உக்காந்தா ரெஸ்ட் ரூம் போறதுக்கே சூப்பர்வைசர் மொகத்த பாக்கணும். பேரணாம்பட்டு குடியாத்தம் பக்கம் பீடி சுத்தறவங்களுக்கு கண்ணு போவுது நெஞ்சு சளி புடிக்குது. அவங்களுக்கு ஒரு கூட்டம் போட ஆளில்ல. இன்னொன்னு, பேப்பர் இல்லாம உள்ள வந்தவங்கள பத்தி பேசினா அது வேற மாதிரி அரசியல் ஆயிடும், பொம்பளைங்க குழு, நாளைக்கு யாராவது வந்து கேள்வி கேட்டா யாரு பதில் சொல்றது? அந்த பொண்ணுங்க படற கஷ்டம் பொய்யின்னு நான் சொல்லல, படிச்சிட்டு எனக்கும் சங்கடமா தான் இருந்துச்சு.

---

மொணவூர்_பொண்ணு எழுதியது:

அக்கா, நான் வேலூர் பக்கம் மேல்மொணவூர்ல இருக்கற இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்ல பிறந்து வளர்ந்தவ. அம்மம்மாவும் அம்மாவும் 1990ல மன்னார்ல இருந்து படகுல வந்து மண்டபம் போய் அங்க இருந்து இங்க அனுப்பப்பட்டவங்க. இப்ப 2023ல அரசாங்கம் கட்டிக்கொடுத்த புது வீட்டுல இருக்கோம், கதவு இருக்கு, கதவுக்கு தாழ்ப்பாள் இருக்கு, உள்ளுக்குள்ளயே டாய்லெட் இருக்கு. இதுக்கு முன்னாடி பத்துக்கு பத்து அறை, நடுவுல சேலைய கட்டி அந்தப்பக்கம் அக்கா அத்தான், இந்தப்பக்கம் நாங்க. குளிக்கற இடம்னா நாலு கம்பு நட்டு பழைய சேலை சுத்தினது தான். வயசுக்கு வந்தப்புறம் நான் வெளிச்சம் வந்து குளிச்சதே இல்ல. அதனால அந்த தண்ணி விஷயத்த படிச்சதும் நான் கொஞ்ச நேரம் போன கீழ வெச்சிட்டேன்.

ஆனா நாங்களும் அவங்களும் ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன். எங்களுக்கு இங்க பேசற மொழி எங்க மொழி. நான் அரசாங்க பள்ளிக்கூடத்துல படிச்சேன், காலேஜ் போனேன். அம்மா காட்பாடி வரைக்கும் போய் சித்தாள் வேலை பாத்தா, ஆள் கணக்கெடுக்கற செக்கிங் அன்னிக்கு மட்டும் முகாம்ல இருந்தா போதும். காக்ஸ் பஜார்ல முகாம சுத்தி கம்பிவேலி போட்டிருக்கு. 2021 மார்ச்ல முகாம்ல தீப்பிடிச்சப்ப அந்த வேலியால ஓட முடியாம தவிச்சாங்கன்னு செய்தில வந்துச்சு, பதினஞ்சு பேராவது செத்தாங்க, ஒரே நாள்ல 45 ஆயிரம் பேருக்கு மேல குடிசை போச்சு. பிள்ளைகள பங்களாதேஷ் பள்ளிக்கூடத்துல சேத்துக்க மாட்டாங்க, முகாம்ல இருக்கற படிப்பு மையம் தான். 2025ல காசு இல்லன்னு அதுலயும் நிறைய மூடிட்டாங்க. பள்ளிக்கூடம் மூடினா பையன் தெருவுக்கு போவான், பொண்ணு கல்யாணத்துக்கு போவா.

நீங்க பேசறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் அக்கா. அழுகைய மட்டும் சொல்லாதீங்க. எங்க முகாமுக்கு சின்ன வயசுல கேமரா வெச்சிகிட்டு வருவாங்க, அம்மம்மாவ உக்கார வெச்சு உங்களுக்கு என்ன நடந்துச்சு என்ன நடந்துச்சுன்னு கேட்டுகிட்டே இருப்பாங்க, அவ சொல்லி முடிச்சதும் மூட்ட கட்டிகிட்டு போயிடுவாங்க, அன்னிக்கு ராத்திரி முழுக்க அவ தூங்க மாட்டா. அவ நல்லா பாடுவா, ஊர்ல தையல் சொல்லிக்கொடுத்தவ, அத ஒருத்தர் கேக்கல. ரோஹிங்கியா பெண்கள் சும்மா உக்காந்து அழுதுகிட்டு மட்டும் இல்ல. சாந்தி மொஹிலான்னு முகாம்ல பெண்கள் சேந்து ஒரு குழு வெச்சிருக்காங்க, எழுத்து தெரியாதவங்க கைநாட்டு வெச்சு 2018ல சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினாங்க, 400 பெண்கள். உங்கள மாதிரி ஒரு குழு தான அக்கா அதுவும். ரசியா சுல்தானான்னு ரோஹிங்கியா வக்கீல் ஒருத்தங்க வல்லுறவுக்கு ஆளான பெண்கள ஒவ்வொருத்தரா பாத்து வாக்குமூலம் எழுதி வெளிய கொண்டு வந்தாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், எங்களுக்கு பெருமையான விஷயம். மியான்மர்ல, அதாவது பர்மால, நடந்தத விசாரிக்க ஐ.நா. போட்ட மூணு பேர் குழுவுல ஒருத்தர் ராதிகா குமாரசாமி, இலங்கைத் தமிழ்ப் பெண். 1994ல இருந்து 2003 வரைக்கும் பெண்களுக்கு எதிரான வன்முறை பத்தி ஐ.நா.வுக்காக விசாரிச்சு அறிக்கை குடுத்தவங்க. அந்த மூணு பேர் குழு தான், ராணுவம் பெண்கள கும்பலா வல்லுறவு செஞ்சது ஏதோ ஆத்திரத்துல நடந்தது இல்ல, இனத்தையே அழிக்க திட்டம் போட்டு செஞ்சதுன்னு எழுதினாங்க. நம்ம மொழிக்காரி ஒருத்தி போய் கேட்டு எழுதிட்டு வந்திருக்கா, அத நாம காதுல வாங்கறதுக்கு என்ன?

---

ராணிப்பேட்டை_வக்கீல் எழுதியது:

ஆம்பூர் ரோடு சார் கேட்டதுக்கு சட்டம் என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்றேன். நம்ம நாடு 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்து போடல, அகதிக்குன்னு தனிச்சட்டமும் இல்ல. அதனால பேப்பர் இல்லாம வந்தவங்க பொதுவா வெளிநாட்டவர் பத்தின சட்டத்துல தான் வருவாங்க, அவங்கள வெச்சிக்கணுமா அனுப்பணுமான்றது கோர்ட்டுல ஓடற பெரிய வழக்கு, அத நாம இங்க தீக்க முடியாது. ஆனா உயிரும் மானமும் வேற விஷயம். அரசியல் சாசனம் 21வது பிரிவு குடிமகனுக்குன்னு சொல்லல, எந்த மனுஷனுக்கும்னு சொல்லுது.

1998ல பங்களாதேஷ்ல இருந்து வந்த ஒரு பெண்ண ஹவுரா ஸ்டேஷன்ல தங்கற ரூம் இருக்குன்னு நம்ப வெச்சு கூட்டிட்டுப்போய் கும்பலா கெடுத்துட்டாங்க, அதுல ரயில்வே ஊழியர்களும் இருந்தாங்க. அவங்க வெளிநாட்டுக்காரி, இழப்பீடு கேக்க உரிமை இல்லன்னு வாதம் வெச்சாங்க. 2000ல சுப்ரீம் கோர்ட் அத ஏத்துக்கல, இந்த மண்ணுல நிக்கற எந்த பெண்ணுக்கும் மானத்தோட வாழற உரிமை உண்டுன்னு சொல்லி 10 லட்சம் குடுத்தது சரின்னுடுச்சு. நான் பிராக்டிஸ் ஆரம்பிச்சப்ப சீனியர் என்ன படிக்க வெச்ச முதல் தீர்ப்புகள்ல அது ஒண்ணு. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துலயும் குடியுரிமை கேக்கற வார்த்தை எங்கயும் இல்ல, பாதிக்கப்பட்டது ஒரு பெண்ணா இருந்தா போதும்.

நம்ம பக்கத்துலயே, கேளம்பாக்கத்துல புயல் பாதுகாப்பு கட்டடத்துல பல வருஷமா சில ரோஹிங்கியா குடும்பங்க இருக்காங்க, பழைய பேப்பர் இரும்பு பொறுக்கி பொழைக்கறாங்க. அங்க ஒரு பெண்ண புருஷன் அடிச்சா 181ன்ற பெண்கள் உதவி நம்பருக்கு கூப்பிடலாமா கூடாதான்னு கேட்டா, கூப்பிடலாம். ஆனா போலீஸ்னா பேப்பர் கேப்பாங்க, புருஷன புடிச்சிட்டு போனா குடும்பமே மாட்டிக்கும்னு பயந்துகிட்டு அவங்க வாயே தெறக்க மாட்டாங்க. சட்டம் இருந்தும் எட்டாத தூரத்துல இருக்குது. இதுவும் அந்த பெண்ணு மேல விழற இன்னொரு அடி தான்னு நான் நெனைக்கறேன்.

அதனால பாலாத்தங்கரை அக்கா, தாராளமா பேசுங்க. ஒரு மகளிர் குழு வன்முறை பத்தி பேசறதுக்கு யார் அனுமதியும் வேணாம். அப்புறம், ஷூ கம்பெனி லைன்ல ரெஸ்ட் ரூமுக்கு முகம் பாக்க வேண்டியிருக்குன்னு சார் சொன்னாரே, அதையும் அதே கூட்டத்துல சேத்து பேசுங்க. அது வேற இது வேற இல்ல.

---

ஆம்பூர்_ரோடு எழுதியது:

சரிங்க மேடம். அந்த கோணத்துல நான் யோசிக்கல. வீட்டம்மாகிட்ட படிச்சு காட்டினேன், மொணவூர் பொண்ணு எழுதினத கேட்டுட்டு ஒன்னும் பேசல, அப்புறம் லைன்ல நாங்களும் காலைல டீ குடிக்கறதில்ல, அது உனக்கு தெரியுமான்னாங்க. பதினாலு வருஷம் ஆச்சு கல்யாணமாகி. எனக்கு தெரியாது.

---

பாலாத்தங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, ஞாயித்துக்கெழம கூட்டம் முடிஞ்சுது, அதான் லேட்டு. மொணவூர் தங்கச்சி சொன்ன மாதிரி போட்டோ எதுவும் காட்டல, அழற மாதிரியும் ஆரம்பிக்கல. முதல்ல எங்க ஊரு ஏரிக்கரைய சொன்னேன், எங்க அக்கா கிட்னிய சொன்னேன், அப்புறம் தான் காக்ஸ் பஜார் போனேன். குடியாத்தம் அண்ணன் சொன்ன கல்யாண அனுமதி விஷயத்த சொன்னப்ப ஒரு சத்தம் இல்ல. சாந்தி மொஹிலா கைநாட்டு வெச்சத சொன்னப்ப எங்க குழுவுல ரெண்டு பேரு கைநாட்டு தான், அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துகினாங்க.

லோன் தவணைன்னு கேட்டாங்களே, அந்த அம்மா தான் முதல்ல எழுந்து கேள்வி கேட்டாங்க. மாசா மாசம் துணிய எங்க காய வெப்பாங்கன்னு. எனக்கு பதில் தெரியல. அங்கயே அந்த காக்ஸ் பஜார் அக்காவுக்கு வாட்ஸாப்ல கேட்டு அனுப்பினேன், கொஞ்ச நேரத்துல வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி போட்டு நான் தமிழ்ல சொன்னேன். குடிசைக்குள்ள தான், இன்னொரு துணிக்கு கீழ மறைச்சு, மழைக்காலத்துல காயவே காயாது, ஈரத்தோடவே கட்டிக்குவாங்க, புண்ணு வரும். ஆம்பளைங்க நாள் முழுக்க உள்ளயே இருக்கறதால வெளிச்சத்துல காட்ட முடியாது. எங்க சென்டர்ல பின்னாடி துணி காய போட ஒரு கொடி கட்டி வெச்சிருக்கோம், சில பொண்ணுங்க அதுக்குன்னே வருவாங்க, காயற வரைக்கும் உக்காந்து தையல் தெச்சிகினு பேசிகினு இருப்பாங்க, அப்ப தான் மத்த விஷயமும் வெளிய வரும்னாங்க.

அது கேட்டப்புறம் கூட்டம் ஆறு மணிக்கு முடிய வேண்டியது எட்டு மணி ஆயிடுச்சு. என்ன பேசினாங்கன்றத நான் இங்க எழுத மாட்டேன், அது அவங்க சொந்த விஷயம்.

வக்கீல் மேடம், உங்களுக்கு தனியா ஒரு மெசேஜ் போட்டிருக்கேன். எங்க குழுவுல ஒருத்தவங்களுக்காக. இன்னிக்கே பாத்தீங்கன்னா நல்லாயிருக்கும், அவங்க இப்ப எங்க மெஸ்ல தான் இருக்காங்க.